வாக்களிக்கும் கையும் வாக்குக் கருவியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையிலும், அதற்கு அப்பாலும் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடும். மழை பெய்தால் கண்மாய் நிறையும்; பெய்யாவிட்டால் பருத்தியும் சோளமும் கம்பும்கூடக் கைகொடுப்பதில்லை. சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்போர் ஒருபுறம். நகரத்துத் தெருக்களில் தறியை நம்பி வாழ்வோர் மறுபுறம். இம்மக்களுக்குக் கருவியின் இலக்கணத்தை எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மண்வெட்டிக் காம்பு கைக்குப் பொருந்தாவிட்டால் உழவர் தம் கையை நொந்துகொள்வதில்லை; காம்பைச் செதுக்குகிறார். தறியின் மிதிகட்டை காலுக்கு எட்டாவிட்டால் நெசவாளர் கட்டையைத்தான் மாற்றிக் கட்டுகிறார்.

கருவியைக் கையாள்வோரின் கண்ணும் கையும் பழக்கமும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை உற்றுநோக்கி, அதற்கேற்பக் கருவியைத் திருத்துவது இன்று ஓர் அறிவுத்துறையாகவே வளர்ந்துள்ளது. பயன்பாட்டாய்வு என்று அதனை அழைக்கலாம். கணிப்பொறித் திரையையும் கைபேசியையும் முன்னிட்டே இத்துறை பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் கணிப்பொறி இந்நாட்டிற்குப் பரவலாக வருவதற்கு முன்பே, எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்கள் ஒருவர் உதவியுமின்றித் தனித்து நின்று பிழையறக் கையாள வேண்டிய கருவி ஒன்று இங்குத் தேவைப்பட்டது. அதுவே வாக்குக் கருவி. 1952இன் இரும்புப் பெட்டி தொடங்கி இன்றைய மின்னணுப் பொறி வரையிலான அதன் வரலாறு, வாக்காளரின் பிழையைக் கருவியின் பிழையாகக் கருதித் திருத்திய வரலாறாகும். அவ்வரலாற்றில் இன்னும் தீராத வினா ஒன்றும் உண்டு.

குடமும் ஓலையும்

தமிழ்நாட்டில் தேர்வுமுறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நினைவுகூரப்படுகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. குடவோலை என்பது இன்றைய பொருளில் வாக்களிப்பு அன்று. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுக்கும் குலுக்கல் முறையே. எனினும் அதில் நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஊர்ச்சபை கூடியிருக்கையில், யாவரும் காணுமாறு குடம் தூக்கிக் காட்டப்படும். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுக்கப்படும். அந்த ஓலையை வாங்கும் நடுவர் ஐந்து விரல்களும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்க வேண்டும். பின்னர் அவர் படித்ததை அங்குள்ள மற்றையோரும் படிக்க வேண்டும்.

விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? மடக்கிய கைக்குள் மற்றோர் ஓலை மறைந்திருக்கக் கூடும் என்ற ஐயத்தைக் களைவதற்கே என்று கொள்ளலாம். முறை நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது. நேர்மையாக நடந்ததென்பதைக் கண்ணால் கண்டு தெளியவும் வழி இருக்க வேண்டும் என்பதை அவ்வூரார் உணர்ந்திருந்தனர். எளிமை ஒன்று, தெளிவு மற்றொன்று. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த வாக்குக் கருவிகளையும் இவ்விரண்டையும் கொண்டே அளக்க வேண்டியுள்ளது.

ஆளுக்கொரு பெட்டி

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிந்தது. சென்னை மாகாணத்தில் 1952 ஜனவரியில் வாக்குப்பதிவு நடந்தது. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் 18.33 விழுக்காட்டினரே. வாக்குரிமை பெற்றவரோ 17 கோடிக்கும் மேற்பட்டோர். படித்தவர்க்கும் சொத்துடையவர்க்கும் மட்டுமே முன்பு வாக்குரிமை இருந்தது. இப்போது 21 வயது நிரம்பிய யாவரும் வாக்காளர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையரான சுகுமார் சென் முன் நின்ற சிக்கல் இதுவே: பெயரைப் படிக்க இயலாத ஒருவர், தாம் விரும்பும் வேட்பாளரை எவரிடமும் கேளாமல் எவ்வாறு தேர்ந்தெடுப்பார்?

வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி, பெட்டியின்மேல் அவருக்குரிய சின்னம் என்பதே அப்போது காணப்பட்ட விடை. வாக்குச்சீட்டு ஒரு ரூபாய் நோட்டு அளவே இருந்தது. அதில் வேட்பாளர் பெயரும் இல்லை, வாக்காளர் குறியிட வேண்டிய இடமும் இல்லை. சீட்டைப் பெற்றுக்கொண்டு திரைக்குப் பின் செல்ல வேண்டும். வரிசையாக வைத்த பெட்டிகளில் தமக்கு வேண்டிய சின்னம் ஒட்டியதைக் கண்டு அதில் இட வேண்டும். எழுதுகோலைத் தொட்டறியாத கைக்கும் இது இயலும். இதற்காக நாடெங்கும் இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் செய்யப்பட்டன.

சின்னங்களும் எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை, கம்யூனிஸ்டுக்குக் கதிர் அரிவாள், சோசலிஸ்டுக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. உழவரும் கூலியாளரும் நாள்தோறும் காண்பவை. பார்த்த அளவிலேயே வாயில் பெயர் வருபவை. கரிசல் காட்டில் ஏர் பூட்டியவருக்குக் காளையையும், கதிர் அறுத்தவருக்கு அரிவாளையும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. இச்சின்னங்களைத் தேர்தல் ஆணையத்தில் நெடுங்காலம் பென்சிலால் வரைந்தளித்தவர் எம்.எஸ். சேத்தி என்னும் வரைவாளர். 1992இல் ஓய்வு பெறும் வரை அவர் இப்பணியில் இருந்தார்.

இத்தேர்தலில் அருப்புக்கோட்டை, மக்களவைத் தொகுதி ஒன்றின் பெயராகவும் விளங்கியது. பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் இம்மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் ஒருங்கே வென்றார். பின்னர் மக்களவை இடத்தைத் துறந்தார். அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதியின் உழவரும் நெசவாளரும் வாழ்வில் முதன்முறையாகத் திரைக்குப் பின் தனித்து நின்றது அத்தேர்தலில்தான். பண்ணையாரும் கணக்கப்பிள்ளையும் உடன்வர இயலாத இடம் அது. சின்னம் என்னும் எளிய படம் இல்லையேல், அந்த இடத்திற்குள்ளும் படித்தவர் ஒருவர் வழிகாட்டியாக நுழைந்திருப்பார். வாக்கின் மறைவு அங்கேயே அழிந்திருக்கும்.

பெட்டி முறையில் கண்ட குறைகள்

முதல் இரு பொதுத்தேர்தல்களிலும் பெட்டி முறையே பின்பற்றப்பட்டது. பயன்பாட்டில்தான் அதன் குறைகள் வெளிப்பட்டன. பெட்டிகளைத் திறந்தபோது வாக்குச்சீட்டோடு நாணயங்களும், வேட்பாளருக்கு எழுதிய செய்திகளும், திரைப்பட நடிகர் படங்களும்கூடச் சில இடங்களில் கிடைத்தன. கோயில் உண்டியல் ஒன்றையே அதுவரை அறிந்திருந்தவர்களுக்கு, வாய் திறந்த இரும்புப் பெட்டி வேறெதை நினைவூட்டும்? இதைக் கண்டு நகைத்தோர் உண்டு. ஆனால் பெட்டியின் உருவமே அச்செயலுக்கு அழைப்பு விடுத்தது என்பதே உண்மை.

மற்றொரு குறை நகைப்புக்குரியதன்று. குறியில்லாத வெற்றுச் சீட்டு நாணயம் போன்றது; எவர் கையிலும் செல்லும். திரைக்குப் பின் சென்றவர் சீட்டைப் பெட்டியில் இடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டுவந்தால், அதை விலைக்கு வாங்குவோர் இருந்தனர். அவ்வாறு சேர்த்த சீட்டுகளை மற்றொருவர் உள்ளே சென்று ஒருசேரப் போட்டுவிடலாம். வறட்சி ஆண்டில் அன்றாடக் கூலிக்குக் காத்திருப்பவரிடம் அந்த விலைக்கு எத்தகைய வலிமை இருக்கும் என்பதை வறண்ட நாட்டார் அறிவர். இவையன்றி, வேட்பாளர் தொகை பெருகப் பெருகப் பெட்டிகளின் தொகையும் பெருகியது. அவற்றைச் சுமப்பதும் காப்பதும் பெரும்பாடாயின.

முத்திரை முறை

1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பெட்டி ஒன்றாயிற்று. வேட்பாளர் அனைவரின் பெயரும் சின்னமும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டன. விரும்பிய சின்னத்திற்கு நேரே ரப்பர் முத்திரையைக் குத்தி, மடித்து, பொதுப்பெட்டியில் இட வேண்டும். பெட்டியில் இருந்த சின்னம் சீட்டுக்கு இடம்பெயர்ந்தது. விற்பனைக்குரிய வெற்றுச் சீட்டு மறைந்தது. ஆயினும் வாக்காளருக்குப் புதிய வேலை ஒன்று சேர்ந்தது: உரிய இடத்தில் முத்திரை குத்த வேண்டும், மை பரவாமல் மடிக்க வேண்டும்.

இங்குதான் நுணுக்கமான வடிவமைப்புகள் தோன்றின. சீட்டில் இரு வேட்பாளர்களுக்கு இடையே நிழற்பட்டை ஒன்று அச்சிடப்பட்டது. முத்திரையின் ஒரு பகுதி ஒருவர் கட்டத்திலும் மறுபகுதி பட்டையிலும் விழுந்தால் வாக்கு செல்லும். இருவர் கட்டத்திலும் விழுந்தால் செல்லாது. நடுங்கும் முதிய கைக்கு அந்தப் பட்டை ஒரு வரப்பாயிற்று. சீட்டை முதலில் நெடுக்காகவும் பின்னர் குறுக்காகவும் மடிக்குமாறு வாக்குச்சாவடியில் கற்பிக்கப்பட்டது. மை படிந்தாலும் எதிரே உள்ள வெற்றிடத்திலேயே படியட்டும் என்பது அதன் நோக்கம்.

முத்திரையின் உருவம் இவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு. நான்கு முனைகளும் ஒரே திசையில் சுழல்வது போன்ற அம்புக்குறிச் சிலுவை அது. அதன் சுழற்சிக்குக் காரணம் உண்டு. மடித்தபோது ஈரமை மற்றொரு கட்டத்தில் ஒட்டிக்கொண்டால், ஒட்டிய உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்த்திசையில் சுழன்று நிற்கும். எது வாக்காளர் குத்தியது, எது மடிப்பில் ஒட்டியது என்பதை எண்ணுவோர் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். வாக்காளர் தவறாக மடித்துவிட்டார் என்பதற்காக அவர் வாக்கு வீணாவதில்லை. எளிய பெருக்கல் குறியோ வட்டமோ இந்த உதவியைச் செய்திராது.

சின்னம் என்னும் மொழி

படம் என்ற அளவில் தொடங்கிய சின்னம், காலப்போக்கில் ஒரு மொழியாக வளர்ந்தது. ஊர்ச்சுவரில் சுண்ணாம்பிலும் காவியிலும் தீட்டப்பட்டது. பாட்டிலும் பேச்சிலும் புகுந்தது. வேட்பாளரின் பெயரை அறியாதோரும் சின்னத்தை அறிவர். பழகிய சின்னம் பறிபோகும்போது நேரும் இழப்பின் அளவை அரசியல் வரலாறு காட்டுகிறது. 1969இல் காங்கிரசு பிளவுபட்டபோது இரட்டைக் காளை முடக்கப்பட்டது. 1971 தேர்தலில் ஒரு பிரிவு பசுவும் கன்றும் கொண்டு நின்றது. காமராசர் சார்ந்த பிரிவு இராட்டை சுற்றும் பெண் சின்னத்தில் நின்றது. அருப்புக்கோட்டைக்கு அண்மையிலுள்ள விருதுநகர் காமராசர் பிறந்த ஊர். அவர் கட்சிக்கு இருபதாண்டுகள் காளையைக் கண்டு வாக்களித்துப் பழகிய கண்கள் வேறொரு படத்தைத் தேட வேண்டியதாயிற்று.

புதிய சின்னம் வேரூன்றும் விரைவுக்கும் இவ்வட்டாரத்திலேயே சான்று உண்டு. 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் கே. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று வென்றார். நான்காண்டுகள் கழித்து, 1977 ஜூனில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் அதே சின்னத்தில் வென்று முதலமைச்சரானார். இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாலே புரியும் சின்னம் அது. எளிதில் வரையலாம், எளிதில் சொல்லலாம், கையாலும் காட்டலாம். 1989 சட்டமன்றத் தேர்தலில் அக்கட்சி இரண்டாகி, இரட்டை இலை முடக்கப்பட்டு, ஒரு பிரிவு சேவலிலும் மற்றொன்று இரட்டைப் புறாவிலும் நின்றபோது நேர்ந்த குழப்பத்தைத் தமிழகம் கண்டது. பழக்கத்தை ஆக்குவது கடினம். மாற்றுவது அதனினும் கடினம். கருவி வடிவமைப்போர் யாவரும் அறிய வேண்டிய பாடம் இது.

நூலாகிய வாக்குச்சீட்டு

முத்திரை முறையின் எல்லையை 1996ஆம் ஆண்டு மொடக்குறிச்சி காட்டிற்று. அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த அத்தொகுதியில் உழவர்கள் தம் குறைகளை நாட்டிற்கு உணர்த்தும் பொருட்டுப் பெருந்திரளாக மனுத்தாக்கல் செய்தனர். களத்தில் நின்றோர் 1,033 பேர். வாக்குச்சீட்டைத் தாளாக அச்சிட இயலாமல் நூலாகக் கட்டி அளிக்க நேர்ந்தது, வாக்குப்பதிவும் ஒத்திவைக்கப்பட்டது. எழுத்தறியாத வாக்காளர் ஒரு புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தம் சின்னத்தைத் தேட வேண்டியிருந்த காட்சி, ஒரு கருவி தன் நோக்கத்தையே மறந்துவிட்டதன் அடையாளம் எனலாம்.

இதன்பின் அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கருவியைக் காக்கும் பொருட்டு நுழைவாயில் குறுக்கப்பட்டது. இது சரியா என்பதில் இரு கருத்துகள் இருக்கலாம். மொடக்குறிச்சி உழவர்கள் வெற்றி பெற நிற்கவில்லை. தம்மைப் பிறர் காண வேண்டும் என்றே நின்றனர். சீட்டு சிறியதாயிற்று, அவர்கள் எழுப்பிய வினா சிறியதாகிவிடவில்லை.

பொத்தான் முறை

மின்னணு வாக்குப் பொறி பற்றிய முயற்சி 1970களின் இறுதியிலேயே தொடங்கியது. ஐதராபாத்தின் இந்திய மின்னணுக் கழகமும், பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இதில் ஈடுபட்டன. இரண்டாவதாகக் கூறிய நிறுவனத்தில் இப்பொறியின் உருவாக்கத்தை முன்னின்று நடத்தியவர் எஸ். ரங்கராஜன். சுஜாதா என்ற பெயரில் தமிழ் வாசகர் நன்கறிந்த எழுத்தாளர் அவரே. சிக்கலான அறிவியலைப் பாமரரும் விளங்கிக்கொள்ளும் தமிழில் சொன்னவர், சிக்கலான மின்சுற்றைப் பாமரரும் இயக்கும் பெட்டிக்குள் அடக்கும் பணியிலும் ஈடுபட்டார் என்பது இலக்கிய அன்பர்கள் எண்ணி மகிழத்தக்கது. பொறியின் புறவடிவத்தை அமைத்ததில் பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில் வடிவமைப்பு மையப் பேராசிரியர்களுக்குப் பங்குண்டு.

இப்பொறி முதன்முதலில் பயன்பட்டது 1982 மே 19இல், கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். அங்கு 123 வாக்கு வேறுபாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. தோற்ற வேட்பாளர் வழக்காடினார். பொறிக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கூறி 1984இல் உச்ச நீதிமன்றம் அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், இராசத்தான், தில்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளில் பொறி மீண்டும் களம் கண்டது. 2001 மே மாதத்தில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் பொறி கொண்டே சட்டமன்றத் தேர்தல் நடந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அதுவே நிலைபெற்றது.

வாக்காளர் காணும் பகுதியின் அமைப்பை நோக்குக. ஒரு வரிசையில் வேட்பாளர் பெயர், அடுத்து அவர் சின்னம், அதற்கு நேரே சிறு சிவப்பு விளக்கு, நீலநிறப் பொத்தான். ஓர் அலகில் 16 வரிசைகள். தேவையற்ற பொத்தான்கள் மூடப்படும். வாக்களிக்கலாம் என்பதற்குப் பச்சை விளக்கு எரியும். பொத்தானை அழுத்தியதும் அந்த வரிசையின் சிவப்பு விளக்கு ஒளிரும். நீண்ட ஒலி எழும். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று என இரு வழியிலும் செயல் முடிந்ததென்ற செய்தி கிடைக்கிறது. பிறகு எத்தனை முறை அழுத்தினாலும், அலுவலர் தம்மிடமுள்ள அலகில் மீண்டும் இசைவளிக்கும் வரை பொறி ஏற்காது. செல்லாத வாக்கு என்பதே இல்லாமல் போயிற்று. அடுத்தடுத்த வாக்குகளுக்கு இடையே சில நொடிகள் இடைவெளி விழுமாறும் பொறி அமைந்தது. சாவடியைக் கைப்பற்றுவோர் கட்டுக்கட்டாக முத்திரை குத்திய வேகம் இதில் இயலாது. சீட்டு முறையில் வாக்காளர் கற்ற பெயர், சின்னம், மேலிருந்து கீழாக வரிசை என்னும் அமைப்பு அப்படியே காக்கப்பட்டதால், புதிய கருவி அந்நியமாகத் தோன்றவில்லை.

வரிசை மாறியதால் வந்த கேடு

இவ்வமைப்பின் அருமை, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை ஒப்பிட்டால் விளங்கும். 2000ஆம் ஆண்டு நவம்பரில் அங்குக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில் முதியோர் மிகுதி. அவர்கள் எளிதில் படிப்பதற்காக எழுத்தின் அளவைப் பெரிதாக்கினர். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமல் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரிந்தன. துளையிட வேண்டிய இடங்கள் நடுவில் ஒரே வரிசையாக அமைந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவதாக இருந்தவர் அல் கோர். இரண்டாவது துளையோ வலப்பக்கத்தில் இருந்த பேட்ரிக் புக்கானனுக்கு உரியது. அவ்வட்டாரத்தில் புக்கானனுக்கு எவரும் எதிர்பாராத ஏறத்தாழ 3,400 வாக்குகள் விழுந்தன. இரு துளையிட்டுச் செல்லாமற்போன சீட்டுகள் ஏறத்தாழ 19,000. புளோரிடாவில் ஜார்ஜ் புஷ் வென்ற வேறுபாடு 537 வாக்குகளே. அம்மாநில முடிவே நாட்டின் தலைவரையும் முடிவு செய்தது.

அச்சீட்டை அமைத்தோரின் நோக்கம் நல்லதே. முதியோருக்கு உதவ எண்ணினர். ஆயினும் முதியோர் சிலரையேனும் அழைத்து, சீட்டைக் கையில் கொடுத்து, அவர்கள் விரல் எங்கே செல்கிறது என்று முன்கூட்டிப் பார்த்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும். படித்தவர் நிறைந்த செல்வ நாட்டில் இது நேர்ந்தது. படியாதவர் நிறைந்த வறண்ட நாட்டில் சின்னமும் பொத்தானும் ஒரே வரிசையில் நின்று வழிகாட்டின. அறிவின்மை வாக்காளரிடம் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

காண்பதும் நம்புவதும்

அண்மைக் காலத் திருத்தங்களும் இவ்வழியிலேயே வந்தவை. பார்வையற்றோர் தனித்து வாக்களிக்கும் பொருட்டுப் பொத்தான்களின் அருகே பிரெய்ல் எண்கள் பொறிக்கப்பட்டன. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து, எவருக்கும் வாக்கில்லை என்று தெரிவிக்கும் நோட்டா பொத்தான் சேர்க்கப்பட்டது. ஒரே பெயர் கொண்டோரை நிறுத்திக் குழப்பும் சூழ்ச்சியைத் தடுக்க, 2015 மே முதல் வேட்பாளரின் நிழற்படமும் இடம்பெற்றது. மொடக்குறிச்சியின் எதிரொலியாக 2019இல் தெலங்கானாவின் நிசாமாபாதில், பெரும்பாலும் உழவர்களாகிய 185 வேட்பாளர்கள் நின்றனர். அப்போது பல அலகுகளை இணைத்துப் பொறி கொண்டே தேர்தல் நடத்தப்பட்டது.

ஆயினும் குடவோலைக் காலத்து வினா ஒன்று எஞ்சி நின்றது. சீட்டு முறையில் வாக்காளர் தாம் குத்திய முத்திரையைக் கண்டார்; தம் கையாலேயே பெட்டியில் இட்டார். பெட்டியைத் திறந்து எண்ணுவதை முகவர்கள் கண்டனர். பொறியிலோ, விளக்கு எரிந்தது தெரிகிறது. உள்ளே பதிந்தது எது என்பது தெரிவதில்லை. செருமானிய அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில், தனித்த தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்று கூறி, அந்நாட்டில் 2005 தேர்தலில் பயன்படுத்திய பொறிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. இந்தியாவில் கண்ட விடை வேறு. 2013இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் தொடங்கி, வாக்கைத் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவி பொறியோடு இணைக்கப்பட்டது. வரிசை எண், பெயர், சின்னம் ஆகியவை தாங்கிய சிறு தாள், கண்ணாடிக்குப் பின் 7 நொடிகள் தெரிந்து, பின்னர் பெட்டிக்குள் விழுகிறது. 2019இல் உச்ச நீதிமன்றம், சட்டமன்றத் தொகுதி ஒன்றுக்கு 5 சாவடிகளின் தாள்களை எண்ணி ஒப்பிடுமாறு பணித்தது. தாள்கள் முழுவதையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் அந்நீதிமன்றமே ஏற்க மறுத்தது.

அந்த 7 நொடி, ஐந்து விரலை விரித்துக் காட்டிய கையின் இன்றைய வடிவம் எனலாம். எனினும் அதுவும் பயன்பாட்டாய்வுக்கு உட்பட வேண்டியதே. கண்புரை படர்ந்த முதியவருக்கு, மங்கிய அறையில், சிறிய கண்ணாடிக்குள் தெரியும் சின்னத்தைக் கண்டு தெளிய 7 நொடி போதுமா? கண்டது தாம் அழுத்தியதன்று என்று தோன்றினால், வரிசை நகரும் அவசரத்தில், அலுவலரிடம் அதைச் சொல்லும் துணிவு எளியவருக்கு வருமா? இவ்வினாக்களுக்கான விடை நகரத்து ஆய்வுக்கூடத்தில் கிடைப்பதில்லை. சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் நின்று பார்த்தால்தான் கிடைக்கும்.

கைக்கேற்ற கருவி

திருச்சுழி 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் தனிச் சட்டமன்றத் தொகுதியாகி, 2011இல் முதல் தேர்தலைக் கண்டது. மக்களவைக்கு அது இராமநாதபுரத்தைச் சேரும். அருப்புக்கோட்டையோ விருதுநகரைச் சேரும். எல்லை பலமுறை மாறியுள்ளது. பெட்டி முத்திரையாகி, முத்திரை பொத்தானாகியுள்ளது. மாறாமல் நிற்பது ஒன்றே: கரி படிந்த, நூல் அறுத்த, மண்வெட்டி பிடித்த கை.

அதே கையின் முன் இன்று வேறு பல கருவிகள் வைக்கப்படுகின்றன. நியாயவிலைக் கடையில் விரல்ரேகை வாங்கும் கருவி, வங்கியில் பணம் வழங்கும் பொறி, விண்ணப்பம் நிரப்பச் சொல்லும் கைபேசித் திரை ஆகியவை அவற்றுள் சில. உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காதபோது, மீண்டும் கையைத் துடைத்து வைக்குமாறு முதியவளிடம் கூறுகின்றனர். குறை அவள் விரலில் இருப்பதுபோல் அவளும் தலைகுனிகிறாள். திரையில் ஓடும் சொற்கள் விளங்காதபோது, பக்கத்தில் நிற்கும் இளைஞரிடம் மறைச்சொல்லையும் சேர்த்தே கொடுத்துவிடுகின்றனர். 1952இல் திரைக்குப் பின் நுழையவொட்டாமல் தடுத்த அந்த வழிகாட்டி, வேறு வாயில் வழியே திரும்பி வருகிறார்.

வாக்குக் கருவி குறையற்றது என்பதன்று இங்குக் கூற விழைவது. அதன் குறைகள் பயன்படுத்துவோர் வழியே வெளிப்பட்டன, வெளிப்பட்டபோது திருத்தப்பட்டன, திருத்த வேண்டியவை இன்னும் உள்ளன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடும் கருவிக்கு இந்நாடு செலுத்திய அக்கறையில் ஒரு பகுதியேனும், நாள்தோறும் தொட வேண்டிய கருவிகளுக்குச் செலுத்தப்பட வேண்டும். காம்பு கைக்குப் பொருந்தாவிட்டால் காம்பைச் செதுக்க வேண்டும் என்ற கரிசல் நாட்டு அறிவு, கருவி செய்வோர் யாவருக்கும் உரியதாகட்டும்.